ஊசி போட்டாச்சு, மருந்தின் பெயரை யார் எழுதுவது?

"பெயின்லெஸ் – 2. ரோட்டா – டன்." இவ்வளவுதான் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு சுழித்த கையெழுத்து, தேதியில் பாதியை மறைத்து விழுந்த ரப்பர் ஸ்டாம்ப். திருநெல்வேலியில் டோக்கன் எண் திரையில் ஓடுகிற, தரை பளபளக்கிற ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் பில் போட்டு, 12 வார ஊசியும் போட்டுக் கையில் கொடுத்த அட்டையின் லட்சணம் இது. மருந்தின் வணிகப் பெயர் இல்லை, கம்பெனி இல்லை, பேட்ச் எண் இல்லை. எந்தத் தொடையில் போட்டது என்றும் இல்லை. கேட்டால், "அதெல்லாம் சிஸ்டத்துல ஏத்தியாச்சு மேடம்." சிஸ்டம் இருப்பது அங்கே. அடுத்த டோஸ் போடப்போவது லண்டனில்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதே டாக்டர், அதே அட்டை, அடுத்த மாதம் அவரே பார்த்துக்கொள்வார். பாதி அட்டவணையை ஊரிலும் மீதியை லண்டனிலுமாகப் போடுகிற குழந்தைக்குத்தான் சிக்கல். இங்கிலாந்தில் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லாத ஊசியைப் போடாத ஊசியாகவே கணக்கில் எடுப்பார்கள். நர்ஸ் கேட்பது ஒரே கேள்வி: எந்த மருந்து, எந்தத் தேதி? "பெயின்லெஸ்" என்று ஒரு மருந்து உலகத்தில் எங்கும் கிடையாது.

அந்தப் பெயரே ஒரு ஏமாற்று. ஊசி தொடையில் இறங்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வலிதான். வித்தியாசம் கக்குவான் இருமலுக்கான பகுதியில் இருக்கிறது. அரசு நிலையங்களில் போடும், ஐந்து நோய்களுக்கான பெண்டா ஊசியில் கக்குவான் கிருமி முழுதாக, கொல்லப்பட்ட நிலையில் இருக்கும். அதனால் காய்ச்சலும் தொடை வீக்கமும் கூடுதல். தனியாரில் "வலியில்லாத ஊசி" என்று விற்பதில் கிருமியின் சில புரதங்கள் மட்டும்தான் இருக்கும், காய்ச்சல் குறைவு. இங்கிலாந்தில் எல்லாக் குழந்தைக்கும் போடுவது இந்த இரண்டாவது வகையைத்தான். ஆனால் முழுக்கிருமி ஊசி தரும் பாதுகாப்பு அதிக காலம் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அரசு ஊசி மட்டம், தனியார் ஊசி ஒசத்தி" என்று சித்திமார்கள் பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, பெயர் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? வலியில்லா வகையிலேயே ஐந்து நோய்க்கானதும் உண்டு, ஆறு நோய்க்கானதும் உண்டு. மஞ்சள் காமாலை பி சேர்ந்ததா இல்லையா என்பது பெயரைப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றுப்போக்குக்கு வாயில் கொடுக்கும் ரோட்டா இன்னும் மோசம். ரோட்டாரிக்ஸ் என்றால் இரண்டு டோஸோடு கணக்கு முடிந்தது. ரோட்டாவாக், ரோட்டாசில் என்றால் மூன்று டோஸ் கணக்கு. லண்டனில் முதல் டோஸ் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைக்கு இங்கே கொடுத்தது எது என்று தெரியாவிட்டால் இன்னொன்று வேண்டுமா வேண்டாமா என்று எப்படிச் சொல்வது? யோசித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. 24 வாரம் தாண்டிவிட்டால் இங்கிலாந்தில் ரோட்டா கொடுக்கவே மாட்டார்கள். அளவை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: ரோட்டாவாக் வெறும் 5 சொட்டு, ரோட்டாரிக்ஸ் 1.5 மி.லி. ஆனால் ஊகத்தை யார் ரெட் புக்கில், அதாவது இங்கிலாந்தில் பிள்ளைக்குத் தரும் உடல்நலப் பதிவேட்டில், ஏற்றுவார்கள்?

இத்தனைக்கும் இதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். தனியாரில் வரும் ஒற்றை டோஸ் ஊசிகள் பலவற்றில் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் இருக்கும். அதில் பெயர், பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் அச்சிட்டே இருக்கும். அதை அட்டையில் ஒட்டினால் விஷயம் முடிந்தது. ஒட்டுவதில்லை, டப்பாவோடு குப்பைக் கூடைக்குப் போகிறது. ஆகவே ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்: "டப்பாவைக் காட்டுங்க, போட்டோ எடுத்துக்கிறேன்." போட்ட பிறகு கேட்டால் கூடை காலியாகியிருக்கும். ஸ்டிக்கர் இல்லையென்றால் பெயர், பேட்ச் எண், தேதி, எந்தக் கால், டாக்டரின் பதிவு எண் கொண்ட முத்திரை, இந்த ஐந்தும் அட்டையில் வர வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் மாதத்தை எழுத்தில் எழுதி வாங்குங்கள். 05/08 என்று இருந்தால் நமக்கு ஆகஸ்ட், அவர்களுக்கு மே.

சில சின்ன கிளினிக்குகளில் இன்னொரு கூத்து. சீட்டு எழுதிக் கொடுத்து, "மெடிக்கல்ல வாங்கிட்டு வாங்க" என்பார்கள். கடைக்காரர் ஊசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஐஸ் கட்டியை வைத்துக் கொடுப்பார். பார்க்க அக்கறை மாதிரி இருக்கும், ஆனால் தப்பு. ஐந்து, ஆறு நோய்களுக்கான ஊசிகளில் அலுமினியம் உப்பு இருக்கிறது. உறைந்துவிட்டால் அது திரண்டு மருந்தின் சக்தி போய்விடும். வெளியில் பார்த்தால் தெரியாது. வேண்டியது 2 முதல் 8 டிகிரி. ஐஸ் நேராக ஊசியில் படக்கூடாது. நடுவில் துணியோ அட்டையோ இருக்க வேண்டும். முடிந்தால் மருந்தைத் தானே குளிர்பெட்டியில் வைத்திருக்கும் டாக்டரிடம் போவதே நல்லது. மின்வெட்டு நேரத்தில் அந்தப் பெட்டிக்கு என்ன மாற்று ஏற்பாடு என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.

இந்தக் கடுப்போடு புதன்கிழமை ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் பார்த்ததுதான் ஆச்சரியம். புதன்கிழமை என்றால் ஊசி என்பது நமக்கெல்லாம் தெரிந்த பழைய கதை. பால்வாடி வாசல், அழுகைக் கச்சேரி, எடை போடும் தொட்டில். அது எதுவும் மாறவில்லை. ஆனால் நர்ஸம்மாவின் வேலைச் சுத்தம் லண்டன் கிளினிக்கைத் தோற்கடித்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்ததும் லேபிளில் இருக்கும் வட்டத்தைப் பார்க்கிறார். வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் உண்டு. சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. ஒரே நிறமாகவோ அதைவிடக் கருத்தோ இருந்தால் ஒதுக்க வேண்டும். நாமும் எட்டிப் பார்க்கலாம், தடையில்லை. பிறகு குப்பியைத் திறந்த தேதியையும் நேரத்தையும் லேபிளிலேயே எழுதுகிறார். பெண்டா, போலியோ, நிமோனியா ஊசிக் குப்பிகளைக் குளிர் கெடாமல் வைத்திருந்தால் திறந்த பிறகும் 28 நாள் வரை பயன்படுத்தலாம். காசநோய்க்கான பி.சி.ஜி.யும் தட்டம்மை-ரூபெல்லாவும் தூளாக வருபவை. கரைத்த 4 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் அந்த இரண்டுக்கும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் வரச் சொல்கிறார்கள். "வேணும்னே அலைக்கழிக்கிறாங்க" என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

வரிசையும் சரியாக இருந்தது. முதலில் போலியோ சொட்டு இரண்டு, அடுத்து ரோட்டா, கடைசியில்தான் ஊசி. அழுகிற பிள்ளைக்குச் சொட்டு கொடுத்தால் துப்பிவிடும். இடத் தொடையில் பெண்டா, வலத் தொடையில் நிமோனியா, வலது மேல்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. போலியோ ஊசி. தோலுக்குள் போட்டதற்கு அடையாளமாகக் கொசு கடித்த மாதிரி சின்னப் புடைப்பு தெரிய வேண்டும். எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டத்தில் தேதியோடு எழுதி, என்ன போட்டது, என்ன செய்யும், அடுத்து எப்போது, அட்டையைப் பத்திரமாக வை என்று நான்கையும் சொல்லி, அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார். காசு கிடையாது. பேட்ச் எண் கேட்டதற்குக் குப்பியையே திருப்பிக் காட்டினார். லண்டனில் டாக்டரைப் பார்க்கக் காலை 8 மணிக்குப் போன் போட்டு, வரிசையில் பதினேழாவது ஆளாகக் காத்திருந்து, பத்து நிமிட நேரம் வாங்குகிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது. ஒரே குறை, அவர்களும் முதலில் கேட்பது பிக்மி எண், அதாவது தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தாய்க்குக் கொடுக்கும் எண். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டன் பட்டனாக வைத்த இறுக்கமான உடையைப் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். கழற்றி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிற பாட்டிகள் உங்கள் வம்சத்தையே விசாரித்துவிடுவார்கள்.

அரசு ஊசிக்குப் போவதானால் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே 6, 10, 14 வாரம். அங்கே 8, 12, 16. எப்படி மாற்றினாலும் அதே ஊசியின் இரண்டு டோஸ்களுக்கு நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும். விமான டிக்கெட்டுக்காக முன்னே இழுக்கக் கூடாது. அங்கே ஆறு நோய்க்கும் ஒரே ஊசி. இங்கே பெண்டாவில் ஐந்துதான், போலியோ தனி. அந்தப் போலியோ ஊசி 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் மட்டும் வரும். 12 வாரத்தில் போய் நின்றால் பெண்டாவும் சொட்டும் மட்டும் கொடுத்து அனுப்ப வாய்ப்புண்டு. ஆகவே போலியோ ஊசி போட்டதா, சொட்டு மட்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அங்கே மூளைக்காய்ச்சலுக்காக 8, 12 வாரத்தில் போடும் மெனிங்கோகாக்கல் பி இங்கே அரசு அட்டவணையிலேயே இல்லை. அதைத் திரும்பிப் போய்த்தான் முடிக்க வேண்டும்.

போலியோ சொட்டு மருந்தில் உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ் இருக்கிறது. சில வாரம் வரை மலத்தில் வெளியேறும். இங்கிலாந்து 2004இல் இந்தச் சொட்டை விட்டுவிட்டது. நாப்பி மாற்றிய ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி வருவதுதான் உண்மையிலேயே ஆபத்தான இடம்: காய்ச்சல் மருந்து. லண்டன் பழக்கத்தில் பாராசிட்டமால் 2.5 மி.லி. என்று மனதில் பதிந்திருக்கும். அந்தச் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி., ஆக 2.5 மி.லி.யில் 60 மி.கி. ஊரில் கைக்குழந்தைக்குக் கொடுப்பது பெரும்பாலும் டிராப்ஸ்; அதில் 1 மி.லி.க்கே 100 மி.கி. பழைய ஞாபகத்தில் 2.5 மி.லி. ஊற்றினால் 250 மி.கி., நான்கு மடங்கு. கணக்கு எடையை வைத்துத்தான்: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 6 கிலோ பிள்ளைக்கு 60 முதல் 90 மி.கி., டிராப்ஸில் 0.6 முதல் 0.9 மி.லி. அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பும் கடையில் உண்டு. ஆகவே லேபிளைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். 2 மாதம் நிறையாத பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

பெண்டா போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் இறங்கும். தொடையில் ஒரு கட்டி சில வாரம் நிற்கலாம். குளிர்ந்த ஈரத்துணி போதும். தேய்க்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். பாட்டி உரை மருந்து உரசிக் கொடுக்க வருவதையும், மூக்கில் எண்ணெய் விட வருவதையும் கெஞ்சியாவது தடுத்துவிடுங்கள். தேன் ஒரு வயது வரை தொடவே கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காத அழுகை, வலிப்பு, துவண்டுபோவது, பால் குடிக்காமல் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

பி.சி.ஜி. இங்கே பிறந்தவுடனே போடுவது. அங்கே எல்லோருக்கும் கிடையாது. ஆனால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்திருந்தால் உண்டு, ஆக நம் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது. பயணத்துக்கு முன்பே கேட்டுப் போடுங்கள். போட்ட இடம் சில வாரத்தில் புடைத்து, புண்ணாகி, தழும்பாகும். களிம்பு எதுவும் வேண்டாம். அந்தக் கையில் மூன்று மாதத்துக்கு வேறு ஊசி போடக்கூடாது. ஊரில் அடுத்த ஊசி போடுபவரிடம் இதை நீங்களே சொன்னால்தான் தெரியும்.

ஊசியைப் பற்றிய சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வேடிக்கை. புதன்கிழமை வரிசையில் நின்ற ஒரு தாயும் "போடலாமா" என்று கேட்கவில்லை. "இன்னிக்கு எத்தனை ஊசி" என்றுதான் கேட்டார்கள். தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்கிற பயம் நம்முடைய லண்டன் வாட்ஸ்அப் குழுக்களில்தான் சுற்றுகிறது. அதற்கு மூலமான 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. தமிழ்நாட்டிலும் 2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது இது மாதிரி வாட்ஸ்அப் வதந்தியால் பலர் தயங்கினார்கள். அதை எடுத்து அனுப்பியவர்களில் நம் ஆட்களும் இருந்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அந்தத் தட்டம்மை ஊசி விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே அரசு நிலையத்தில் 9 மாதத்தில் போடுவது எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) மட்டும், பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி அதில் இல்லை. ஊரில் சில மாதம் தங்குவதானால் தயங்காமல் போடுங்கள், தட்டம்மை காத்திருக்காது. ஆனால் ஒரு வயதுக்கு முன் போட்டதை இங்கிலாந்தில் டோஸாக எண்ண மாட்டார்கள். திரும்பியதும் ஒரு வயதிலும் 18 மாதத்திலும் இரண்டையும் முழுதாகப் போட வேண்டும். 2026 ஜனவரி முதல் அங்கே சின்னம்மையும் சேர்ந்த எம்.எம்.ஆர்.வி.யாகப் போடுகிறார்கள். இங்கே போட்டதற்கும் அங்கே போடப்போவதற்கும் இடையில் நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அதனால் 9 மாத ஊசியின் தேதியையும் ரெட் புக்கில் ஏற்றச் சொல்லுங்கள். எண்ணிக்கையில் சேராது என்று நர்ஸ் விட்டுவிடப் பார்ப்பார்.