செந்தோசாவுக்குக் கொண்டுபோன கால் கிலோ கேமரா

கேமரா வாங்கும் எண்ணமே ஒரு போன் செத்ததால் வந்தது. சென்னைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. ஐம்பது ரூபாய் பிளாஸ்டிக் உறையில் போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைக்குளத்தில் இறங்கியது நான்தான். வெளியே வந்தபோது உறைக்குள் பாதித் தண்ணீர். படங்கள் போனதுகூடப் பெரிதில்லை. திரும்பி வர வண்டி பிடிக்க, பணம் கட்ட, பிரிந்து நின்ற கணவரைக் கூப்பிட, எல்லாமே அந்தப் போனில்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஈரச் சுடிதாரோடு வாசலில் நின்றேன்.

அன்று முடிவு செய்ததுதான். பூங்காவில் போன் லாக்கரில் இருக்கும். கையில் இருக்கும் பொருள் தொலைந்தாலும் நனைந்தாலும் நான் வீட்டுக்குப் போய்ச் சேர முடிய வேண்டும்.

2024 மே கடைசியில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனோம். தம்பி யீஷூனில் இருக்கிறான். பிள்ளைகளுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு நாள், பக்கத்திலேயே இருக்கும் அட்வென்ச்சர் கோவ் தண்ணீர்ப் பூங்கா ஒரு நாள் என்று திட்டம். இரண்டும் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில்தான். அதற்கு முன் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் கேமராப் பேச்சு.

கணவருக்கு கேனான் எஸ்எக்ஸ்740 மேல் கண். 40 மடங்கு ஜூம், சட்டைப் பையில் அடங்கும். ஆனால் பூங்காவில் எதை 40 மடங்கு இழுத்துப் பார்க்கப் போகிறோம்? நாம் படமெடுக்கும் ஆள் பத்தடியில் ஐஸ்கிரீமோடு நிற்பான். அதோடு, முழுக்க இழுத்தால் அந்த லென்ஸின் திறப்பு எஃப் 6.9 (இந்த எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). நிழலில் நின்றவர்களை எடுப்பது கஷ்டம். மகள் கேட்டது கேனான் ஜி7எக்ஸ். அவள் வயதுப் பெண்கள் எல்லோரும் கேட்பது அதுதான். கடைகளில் கிடைப்பதுதான் அரிதாக இருந்தது. கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமராவில் லென்ஸை நகர்த்திப் பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் கிடையாது, கிட்டத்தில் வைத்தால் முகம் பலாப்பழம் மாதிரி உப்பும். தம்பி, "அக்கா, என்கிட்ட சோனி ஆர்எக்ஸ்100 மூணாவது மாடல் இருக்கே, அதையே எடுத்துக்கோ" என்றான். நல்ல கேமராதான். ஆனால் தண்ணீர் ஆகாது.

கடைசியில் நான் எடுத்தது ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7. பழைய ஒலிம்பஸ் டஃப் வரிசைதான். கம்பெனி கைமாறியதில் பெயர் மாறியது. 2023 அக்டோபரில் வந்த மாடல், அமெரிக்காவில் அறிமுக விலை 550 டாலர். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது, ஏழடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்கிறார்கள். விழவைத்துச் சோதிக்கும் தைரியம் எனக்கு இல்லை. எடை பேட்டரியோடு 249 கிராம், சரியாகக் கால் கிலோ தக்காளி.

முதல் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ரோலர் கோஸ்டரில் இதைக் கையில் பிடித்து வீடியோ எடுக்கலாம் என்று யாராவது நினைத்து வாங்கினால், வாங்க வேண்டாம். யுனிவர்சலில் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, மம்மி எதுவானாலும் கையில் பையில் இருப்பதை எல்லாம் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். எந்தக் கேமராவாக இருந்தால் என்ன, அங்கே எல்லாம் ஒன்றுதான். ஆகவே ரைடில் ஏறாமல் கீழே நிற்கும் ஆளுக்குத்தான் கேமரா. எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். எனக்குத் தலை சுற்றும்.

கீழே நின்று எடுக்க இந்த ஜூம் போதுமா? போதும். 25 முதல் 100 மில்லிமீட்டர் வரைதான், அதாவது நாலு மடங்கு. ஆனால் தண்டவாளம் நம் தலைக்கு மேலேயே வளைந்து போகிறது. சிக்கல் வேறு இடத்தில்: ஷட்டர் வேகத்தை, அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுவது என்பதை, நாமே வைக்கும் வசதி இதில் இல்லை. மதிய வெயிலில் அதுவே வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேகம் மூடினால் (சிங்கப்பூரில் மத்தியானம் மேகம் மூடாத நாள் ஏது?) வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை நாமாக ஏற்றி அதை ஏமாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் மகன் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டான். என்னிடம் இருந்தவை இரண்டு நீலக் கோடுகள்.

அப்புறம் வாட்டர்வேர்ல்ட் என்ற தண்ணீர்ச் சாகசக் காட்சிக்குப் போனோம். முன்வரிசையில் உட்கார்ந்தால் நனைவீர்கள் என்று சொல்லித்தான் விடுகிறார்கள். பிள்ளைகள் நேராக அங்கேதான் ஓடினார்கள். கொடுத்த காசுக்கு இந்தக் கேமரா நியாயம் செய்தது இங்கேதான். ஆர்எக்ஸ்100ஐ வைத்துக்கொண்டு தம்பி எட்டு வரிசை பின்னால், யாரோ விட்டுப்போன மழைக்கோட்டுக்குள் ஒளிந்திருந்தான். நான் பிள்ளைகள் பக்கத்தில், மூஞ்சியில் தண்ணீர் வாங்கிக்கொண்டே எடுத்தேன்.

இதில் ப்ரோ கேப்சர் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் உள்ளுக்குள் படம் எடுத்து எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்; முழுதாக அழுத்தியதும் அதற்கு அரை விநாடி முன்னால் நடந்ததையும் சேர்த்துக் கொடுக்கும். என்னைப் போல எப்போதும் ஒரு கணம் பிந்தி அழுத்துகிறவர்களுக்காகவே செய்தது. காட்சி முடியும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கடல் விமானம் பாய்ந்து தண்ணீரில் விழும். எனக்கு அது தெரியாது. சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு அழுத்தினேன். விமானம் சுவரின் மேல் மூக்கை நீட்டும் படம் கிடைத்தது. அதன் ஓரத்தில் மகளின் திறந்த வாய். கேமரா எடுத்தது, நான் எடுத்ததாகச் சொல்ல முடியாது.

மறுநாள் அட்வென்ச்சர் கோவ். அங்கே ரெயின்போ ரீஃப் என்று ஒரு குளம். கண்ணாடியும் மிதவைச் சட்டையும் கொடுத்து நிஜ மீன்களுக்கு மேலே நீந்தவிடுகிறார்கள். தண்ணீருக்கடியில் எடுக்க இதில் தனி அமைப்பு இருக்கிறது. அதில் வைத்தால் நிறம் பச்சையாக இழுக்காமல் ஓரளவு உண்மையாக வருகிறது. ஆனால் திரை அசையாத திரை, திருப்ப முடியாது. தண்ணீருக்குள் நம் முகத்தையே எடுத்துக்கொள்ள முயன்றால் நெற்றி மட்டும் வரும். கரையிலும் அதே கதைதான். நாலு பேரும் சேர்ந்த படம் ஒன்றுகூட இந்தக் கேமராவில் ஒழுங்காக இல்லை. தம்பியின் சோனியில் திரை முழுதாக முன்பக்கம் திரும்பும், ஆகவே குடும்பப் படம் எல்லாம் அவன் கணக்கில்.

இன்னொன்று, இது மூழ்கும். கையில் மாட்டும் மிதக்கும் பட்டை தனியாக வாங்க வேண்டும். பேட்டரிக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அதில் ஒரு முடி மாட்டினாலும் தண்ணீர் உள்ளே போகலாம். நான் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் இறங்கும் முன் கதவைத் திறந்து, துடைத்து, இரண்டு பூட்டும் விழுந்ததா என்று பார்த்தேன். காஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் யோசிக்கும் ஆள் நான், அதனால் எனக்கு இது பழகின வேலை. சன்ஸ்கிரீன் கையோடு மட்டும் அந்தக் கதவைத் தொடாதீர்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் மூடுபனி பிடிப்பது சிங்கப்பூரில் எல்லாக் கேமராவுக்கும் உண்டு. டிஜி-7இல் லென்ஸுக்கு முன் இரட்டைக் கண்ணாடி வைத்திருப்பதால் உள்ளே பனி கட்டவில்லை. வெளிப்பக்கத்தை ஈரத் துண்டால் துடைத்தாலும் கவலை இல்லை. தம்பி பத்து நிமிடம் காத்திருந்தான்.

சரி, இருட்டு. இங்கேதான் கணக்கு டீச்சர் புத்தி வேலை செய்தது. டிஜி-7இல் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான சென்சார் சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100இல் 116. நாலு மடங்குக்கும் மேல். லென்ஸும் இதில் எஃப் 2இல் தொடங்கி ஜூம் செய்தால் எஃப் 4.9 வரை சுருங்குகிறது, அதில் 1.8இல் தொடங்கி 2.8க்குள் நிற்கிறது. காகிதத்தில் தெரிந்ததுதான், கண்ணால் பார்த்தபோது வலித்தது. கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் இரவு 7:45 மணிக்கு அங்குள்ள ராட்சத இரும்பு மரங்களின் விளக்குக் காட்சி. இரண்டு கேமராவையும் ஒரே இடத்தில் வைத்து எடுத்தோம். தம்பியின் படத்தில் வானம் கறுப்பு. என் படத்தில் வானம் ரவை கொட்டின மாதிரி. அவனுடையது 2014இல் வந்த மாடல், என்னுடையது அதைவிட ஒன்பது வருடம் புதுசு. வயது குறைந்தால் மட்டும் கண் தெரிந்துவிடாது போலிருக்கிறது.

ஆகவே என்னிடம் கேட்டால் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் பிள்ளைகள் நனைகிற ரகமா, ராத்திரி ஊர்வலமும் வாணவேடிக்கையும் பார்க்கிற ரகமா? டிஸ்னி பக்கம் போய், இருட்டியபின் நடப்பதுதான் முக்கியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தம்பியின் சோனி மாதிரி ஒரு அங்குல சென்சார் கேமரா. பழசாக இருந்தாலும் பரவாயில்லை. பூங்கா பெரும்பாலும் ஏழு மணியோடு மூடி, பகல் பூராவும் தண்ணீரும் வியர்வையும் திடீர் மழையுமாக இருந்தால் டிஜி-7. எனக்கு இரண்டாவதுதான் வாய்த்தது, வாங்கியதில் வருத்தம் இல்லை. இரண்டும் வேண்டும் என்றால் தம்பி ஒருவனைக் கூட்டிப் போங்கள்.

பேட்டரி ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டேன். 330 படம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு. வீடியோவும் ப்ரோ கேப்சரும் சேர்ந்தால் மாலை நாலு மணிக்கே சிவப்பு. டைப்-சி வயரில் சார்ஜ் ஆகிறது என்பது நிம்மதி.

ஊருக்கு வந்த பிறகு கேமரா என் கையில் இல்லை. ஒரு சென்டிமீட்டர் கிட்டத்தில் வைத்து எடுக்கும் மைக்ரோஸ்கோப் அமைப்பு இதில் இருப்பதை மகன் கண்டுபிடித்துவிட்டான். பத்து ரூபாய் நோட்டின் நூல், இட்லிப்பொடியில் ஊரும் எறும்பு, பாட்டியின் மூக்குத்திக் கல் என்று ஒன்றையும் விடவில்லை. செந்தோசாப் படங்கள் 412, எறும்புப் படங்கள் 600ஐத் தாண்டிவிட்டன.