டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு: வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா, வேலையோடு படிப்பதா?

செலவு
விட்டால்: சம்பளம் நின்றுவிடும், கோச்சிங் ஃபீஸ், வாடகை எல்லாம் கைக்காசு.
வேலையோடு: பழைய பள்ளிப் புத்தகங்கள், ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு. அவ்வளவுதான்.

நேரம்
விட்டால்: நாள் முழுக்க. (பாதி நாள் போனில் போகும், அது வேறு கதை.)
வேலையோடு: விடியற்காலை, அப்புறம் பஸ் பயணம். 200 கேள்விகளில் 100 தமிழ்; இலக்கணக் குறிப்பு, நூல்–ஆசிரியர் பட்டியலுக்குத் துண்டு நேரமே தாராளம். கணக்குக்குத்தான் உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

மனசு
விட்டால்: ‘ரிசல்ட் என்னாச்சு?’ என்று சொந்தக்காரர்கள் துளைப்பார்கள்.
வேலையோடு: அசதி உண்டு, பதற்றம் குறைவு.

குரூப் 4 மட்டும் என்றால் வேலையை விடாதீர்கள். குரூப் 2 முதன்மைத் தேர்வில் விரித்து எழுத வேண்டும். முதல்நிலை தேறி, ஆறு மாதச் செலவுக்குப் பணமும் இருந்தால் அப்போது விடலாம்.