500 டாலர் கத்தியும் மிளகுக்கொடியும்: ஏற்காட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

மடக்குக் கத்தி என்று பேச்செடுத்தாலே, விரித்த அலகை மடங்காமல் நிறுத்தும் பூட்டு எவ்வளவு எடை தாங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஏற்காட்டுத் தோட்டத்தில் அந்தக் கேள்விக்கு மூன்றாம் இடம்தான் தருவேன். மூடுபனியிலும் வியர்வையிலும் சட்டைப்பையிலேயே கிடக்கும் கத்தி துருப்பிடிக்குமா என்பது முதல் கேள்வி. மழுங்கினால் இங்கேயே தீட்டிக்கொள்ள முடியுமா என்பது இரண்டாவது.

இந்தக் கணக்கில் நான்கு கத்திகளைப் பார்த்தேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்ஸி நகரில் செய்யப்படும் கிறிஸ் ரீவ் செபென்சா 31 முதலாவது. விடுமுறைக்கு வந்த மைத்துனர் கொண்டுவந்தது. இரண்டாவது ஸ்பைடர்கோ பாரா மிலிட்டரி 2. மூன்றாவது பிரான்சின் ஒப்பினெல், 8-ஆம் எண். நான்காவது மடக்குக் கத்தியே அல்ல. லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து அடிவாரத்துக் கொல்லர் செய்து தந்தது. அது எப்படிப் போட்டிக்கு வரும் என்று மைத்துனர் சிரித்தார். தோட்டத்தில் வேலை செய்கிறவர் இடுப்பில் இருப்பது அதுதான் என்பதால் வரும்.

செபென்சாவின் விலை 500 டாலரை ஒட்டி இருக்கிறது. நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல், சுங்கவரி தனி. அந்தப் பணத்தில் ஒரு பங்கு அலகின் உருக்குக்குப் போகிறது. மேக்னாகட் என்ற இந்த உருக்கை வடிவமைத்தவர் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர். 2021-இல் சந்தைக்கு வந்தது. உருகிய உலோகத்தைப் பொடியாகத் தூவி, பிறகு அழுத்திக் கட்டியாக்கும் முறையில் செய்வது. கார்பன் 1.15%, குரோமியம் 10.7%, வனேடியம் 4%, நியோபியம் 2%.

குரோமியம் அளவைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. பல ஆண்டுகளாக உயர்விலைக் கத்திகளில் புழங்கிய எஸ்30வி உருக்கில் குரோமியம் 14%. குறைவாக உள்ளது எப்படித் துருவை அதிகம் தாங்கும்? விடை கணக்கில் இல்லை, குரோமியம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. எஸ்30வியில் ஒரு பகுதி குரோமியம் கார்பனோடு சேர்ந்து கடினமான துகள்களாகிவிடும். துருவைத் தடுக்கும் வேலைக்கு அது கிடைக்காது. மேக்னாகட்டில் கார்பனை வனேடியமும் நியோபியமும் பிடித்துக்கொள்வதால் குரோமியம் உலோகத்திலேயே கரைந்து நிற்கிறது. ஆரஞ்சுச் சாறு பட்டு, துடைக்காமல் இரவு முழுதும் கிடந்தும் செபென்சாவின் அலகில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கொல்லர் கத்தியோ மாங்காயில் ஒரு கீறு கீறுவதற்குள் கருநீலம் பாய்ந்துவிடும். மாம்பால் பட்ட இடம் தனியாக வரைபடம் போலத் தெரியும்.

சேலத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: நம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகு தகடு தகடாக வருகிறதே, அதில் ஒரு கத்தி அடித்துக்கொள்ளக் கூடாதா? கஞ்சமலை இரும்புத்தாது இருக்கும் ஊரில் நியாயமான கேள்விதான். ஆனால் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகும் 304 வகையில் குரோமியம் 18%, நிக்கல் 8% இருந்தும் கார்பன் மிகச் சொற்பம். எவ்வளவு தோய்ச்சல் போட்டாலும் அது கடினப்படாது. துரு ஏறாது, கூரும் நிற்காது.

பாரா மிலிட்டரியில் இப்போது வரும் எஸ்45விஎன் உருக்கில் குரோமியம் 16%. மேக்னாகட் அளவுக்குக் கவலையற்றது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விலை 200 டாலர் அளவில். ஒப்பினெல் கார்பன் எஃகிலும் கிடைக்கிறது, துருப்பிடிக்காத 12சி27 எஃகிலும் கிடைக்கிறது. மலைக்கு இரண்டாவதை வாங்குங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இனி பூட்டு. பூட்டைச் சோதிக்க, இணையக் காணொளிகளில் கத்தியின் முதுகை மேசையில் அடித்துக் காட்டுகிறார்கள். கத்தியின் முதுகால் யார் வேலை செய்கிறார்கள்? நடைமுறையில் ஆபத்து வருவது வேறு இடத்தில். சில்வர் ஓக் மரப்பட்டைக்குள் முனை இறங்கிவிடும், திருகி இழுப்போம், அந்தத் திருகலில் பூட்டு நழுவினால் அலகு விரலின்மேல் மூடும். ஆகவே நான் பார்ப்பது திருகும்போது அலகு ஆடுகிறதா, பூட்டு இடத்தைவிட்டு ஊர்கிறதா என்பதை மட்டுமே.

செபென்சாவின் கைப்பிடி டைட்டானியம். அதன் ஒரு பக்கத்தையே வெட்டி நாக்காக்கி, அலகின் அடிக்குப் பின்னால் போய் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஃபிரேம் லாக் என்று இன்று எல்லோரும் செய்யும் இந்த முறையைக் கொண்டுவந்தவர் கிறிஸ் ரீவ்தான். இறுகப் பிடிக்கப் பிடிக்க, கையே நாக்கை உள்ளே அழுத்துவதால் பூட்டு இன்னும் இறுகும். டைட்டானியம் எஃகோடு உரசினால் ஒட்டிப் பிடிக்கும் குணம் உடையது. அதற்காக 31-இல் நாக்கின் நுனியில் ஒரு சிறு பீங்கான் குண்டைப் பதித்திருக்கிறார்கள். எத்தனை திருகினாலும் அலகில் அசைவே இல்லை. திறக்கும்போது ஒரே சீராக, எங்கும் தடுக்காமல் வருகிறது. அந்தத் துல்லியத்துக்குத்தான் மீதிப் பணம்.

ஆனால் மூடுவதற்கு விரலை அலகின் பாதையில் வைத்தே நாக்கைத் தள்ள வேண்டும். பாரா மிலிட்டரியின் பூட்டு முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. மெல்லிய எஃகுத் தகடு ஒன்று அலகின் அடிக்கும் தடுப்பு ஊசிக்கும் இடையில் ஆப்பாக இறங்குகிறது. மூடும்போது விரல்கள் எல்லாம் அலகுக்கு வெளியே. மிளகு பறிப்பவர் ஒற்றை மூங்கில் ஏணியில் நிற்கிறார். ஒரு கை கொடியைப் பிடித்திருக்கும், மறு கையாலேயே திறந்து மூட வேண்டும். அங்கே எனக்கு பாரா மிலிட்டரியின் பூட்டுத்தான் வேண்டும். செபென்சாவின் பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த உறுதி அங்கே எனக்குப் பயன்படவில்லை.

ஒப்பினெலின் பூட்டு 1955-இல் வந்த ஒரு வளையம். திருப்பினால் அலகு நிற்கும், அவ்வளவுதான். இரண்டு கை வேண்டும், ஆகவே ஏணிக்கு ஆகாது. இன்னொரு தொல்லை, அதன் பீச் மரக் கைப்பிடி. ஐப்பசி மழையில் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியின் பின்முனையைக் கல்லில் தட்டித்தான் அலகை வெளியே கொண்டுவர வேண்டும். மெழுகை உருக்கிக் கைப்பிடியின் பிளவுக்குள் ஊட்டினால் பெருமளவு குறைகிறது.

வேலையில் எப்படி? நடவுக்காக மிளகின் ஓடுகொடியை இரண்டு மூன்று கணுவுக்கு ஒன்றாக நறுக்க வேண்டும். கொல்லர் கத்தி வெட்டிய இடத்தில் தண்டு ஒரு பக்கம் நசுங்கி, நார் ஒன்று தொங்கியது. மற்ற மூன்றும் வெட்டிய முகம் தட்டையாக, ஈரம் மினுங்க இருந்தது. மூன்றில் மெல்லிய அலகுள்ள ஒப்பினெல் ஒரு இழை மேல். 500 டாலர் கத்தியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்த தோட்டத்து அண்ணன், “வெட்டு நன்றாகத்தான் இருக்கிறது, சார். ஆனால் சரிவில் விழுந்து தொலைந்தால் என் நான்கு மாதக் கூலி போய்விடுமே” என்று அதை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தீட்டுவதில் வரிசை தலைகீழாகிறது. கொல்லர் கத்தியை ஆற்றுக்கல்லிலேயே தீட்டலாம். ஒப்பினெலுக்குச் சாதாரணக் கல் போதும். வனேடியம் துகள்கள் சாதாரணக் கல்லைவிடக் கடினமானவை என்பதால் மற்ற இரண்டுக்கும் வைரத்தூள் தகடுதான் சரி. தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; தண்ணீர் இல்லாத சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது என்று பொருள்.

என் தேர்வு: கீழே நின்று செய்யும் வேலைக்குத் துருப்பிடிக்காத ஒப்பினெல், பிரான்சில் அது 15 யூரோவை ஒட்டி. ஏணி ஏறுகிறவர் பணம் சேர்த்து பாரா மிலிட்டரி வாங்கலாம். கவாத்துக்கும் விறகுக்கும் கொல்லர் கத்தியை எதுவும் அசைக்க முடியாது. செபென்சா நான்கிலும் சிறந்த பொருள், நம் வேலைக்கு அதிகப்படி. ஆசையால் வாங்குவதானால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு அதே பெயரும் அதே தோற்றமுமாகப் போலிகள் நிறைய வருகின்றன. அவற்றில் பூட்டு நழுவாது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.