படகுத் தேக்குக்கு எபிஃபேன்ஸ் கிளியர் வார்னிஷ்: பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்

படகின் கைப்பிடிச் சட்டம், கதவு நிலை, விளிம்புப் பலகை போன்ற தேக்கு வேலைகளுக்கு ஆழமான பளபளப்பு வேண்டுமென்றால் எபிஃபேன்ஸ் கிளியர் வார்னிஷை மிஞ்சுவது கடினம். நெதர்லாந்தில் தயாராகும் இதில் டங் எண்ணெயும் ஃபீனாலிக், ஆல்கிட் பிசின்களும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மங்களும் உள்ளன. மரத்தோடு சேர்ந்து நெகிழும். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்றதல்ல.

டின்னில் தேன்போலக் கெட்டியாக இருக்கும். அப்படியே பூசினால் மரத்துக்குள் இறங்காமல் மேலேயே நின்று, பிறகு ஏடாக உரியும். அதனால் முதல் கைக்கு, அதாவது முதல் பூச்சுக்கு, பாதிக்குப் பாதி தின்னர் (வார்னிஷை நீர்க்கவைக்கும் திரவம்), இரண்டாம் கைக்குக் கால் பங்கு, அடுத்தடுத்து இன்னும் குறைவு. மொத்தம் ஏழெட்டுக் கை தேவை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு நாள் காயவிட்டு, 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும்.

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் மரத்தைத் தயார்செய்யும்போதே தோற்றுவிடுகிறார்கள். பழைய பூச்சை ஹீட் கன்னும் சுரண்டியும் கொண்டு முழுதாக எடுங்கள். பிறகு 80, 120, 180 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டு போங்கள். அதற்குமேல் வழவழப்பாக்கினால் பிடிப்புக் குறையும். தேக்குத் தூள் மூச்சையும் தோலையும் உறுத்தும், முகமூடி கட்டாயம். கறுத்த இடத்துக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போதும். கையுறை போட்டுக்கொண்டு பூசி, நன்றாகக் கழுவி, மரம் முழுதாக உலரும்வரை காத்திருங்கள். கூர்மையான விளிம்புகளை 2 முதல் 3 மி.மீ. வளைவுக்கு மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பில் வார்னிஷ் தங்காது, பூச்சு முதலில் விடுவது அங்கேதான்.

தேக்கின் சொந்த எண்ணெய் வார்னிஷை ஒட்டவிடாது. பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். துடைத்துவிட்டு மறுநாள் பூசுவதில் பயனில்லை. எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

டின்னைக் குலுக்கவே கூடாது, குமிழி வரும். மெதுவாகக் கிளறி, வேண்டிய அளவை வடிகட்டி வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். மீந்ததை டின்னுக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். சுடும் வெயிலில் பூசினால் மேல்தோல் முந்திக் காய்ந்து சுருங்கும். மாலை தாமதமாகப் பூசினால் பனி இறங்கிப் பளபளப்பு மங்கும். காலை ஈரம் உலர்ந்த பிறகு தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பதே நல்லது.

பூச்சு கெடுவது பெரும்பாலும் மூட்டு, திருகாணித் தலையை மூடும் சிறு மர அடைப்பு, பலகையின் வெட்டுமுனை ஆகிய இடங்களில் நீர் புகுந்துதான். வெட்டுமுனைக்கு இரண்டு மூன்று கை கூடுதலாகக் கொடுங்கள். கீறல் விழுந்தால் அன்றே ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து அடைத்துவிட வேண்டும். விட்டால் கீழே கறுப்புப் பரவும், பிறகு அந்தத் துண்டு முழுவதையும் சுரண்ட வேண்டிவரும். உப்பை நல்ல நீரில் கழுவி, ஆண்டுக்கொருமுறை லேசாகத் தேய்த்து இரண்டு கை புதுப்பிக்கலாம். வெயில் கடுமையான இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

இவ்வளவு தேய்க்க முடியாதென்றால் இதே நிறுவனத்தின் வுட் ஃபினிஷ் கிளாஸ் இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் அடுத்த கை பூசினால் நடுவில் தேய்க்க வேண்டாம். வளைவும் செதுக்கலும் நிறைந்த துண்டுகளுக்கு அதுவே வசதி. வேறொரு நிறுவனத்தின் நிறம் கலந்த மரப்பூச்சான செட்டால் (Cetol) இன்னும் சுலபம், மூன்று கையில் முடியும். ஆனால் அதன் நிறம் மரத்தின் ரேகையை ஓரளவு மறைத்துவிடுகிறது. தேக்கு எண்ணெய் என்று விற்பவை வெயிலில் அதிக நாள் தாங்குவதில்லை.

நடக்கும் தளத்தில் எந்த வார்னிஷும் வேண்டாம், நனைந்தால் வழுக்கும். அங்கே தேக்கு வெறுமையாகச் சாம்பல் நிறம் ஏறட்டும். கடல்நீர் ஊற்றி, மென்மையான பிரஷால் ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்தால் போதும். அழுத்த நீர் பீய்ச்சினால் மென்மையான இழை கரைந்து பள்ளம் விழும்.

வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காயும் சூட்டில் தானே தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்துங்கள், அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் போடுங்கள்.