சும்மா இருப்பதற்கே 62 வாட்: நானே அமைத்த வீட்டு சோலார்

இன்வெர்ட்டரின் விசிறி கரகரக்க ஆரம்பித்து, அதைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டிய சூட்டோடு எழுதுகிறேன். ஆகவே எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

அமைப்பு வழக்கமானதுதான். 540 வாட் பேனல்கள் ஆறு, ஒரே தொடராக. மின்வாரிய இணைப்பை நம்பாமல் பேட்டரியில் ஓடும் 48 வோல்ட் ஆஃப் கிரிட் இன்வெர்ட்டர், 5 கிலோவாட்; பேனலிலிருந்து முடிந்த மட்டும் மின்சாரத்தைக் கறந்தெடுக்கும் எம்பிபிடி அதற்குள்ளேயே. 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 100 ஆம்பியர் ஹவர்; அதாவது ஏறத்தாழ 5 யூனிட். பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் மின்னோட்டத்தை அளக்க ஒரு ஷண்ட். இந்தக் கடைசிச் சாமான்தான் என் நிம்மதியைக் கெடுத்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேனல்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தூசி படிந்தால் கழுவ வேண்டும், அவ்வளவுதான். உச்சி வெயிலில் பேனல் கொதிப்பதால் உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் போய்விடும். ஆனால் ஒரு மழை அடித்து ஓய்ந்து, மேகத்தின் ஓரத்திலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கும் நேரம் இருக்கிறதே, அப்போது திரையைப் பார்க்க வேண்டும். பேனல் குளிர்ந்திருக்கிறது, நேர் வெயிலோடு மேகத்தில் பட்டுச் சிதறிய வெளிச்சமும் சேர்ந்து விழுகிறது. 3.24 கிலோவாட் பேனல் சில விநாடிகள் அதையும் தாண்டிக் காட்டும். அந்தச் சில விநாடிக்காக மொபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுண்டு.

பேட்டரியும் தங்கம். ஆனால் அதில் எவ்வளவு மிச்சம் என்று இன்வெர்ட்டரின் திரை காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது. அது வோல்டேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறது. இந்த வகை செல்லில் வோல்டேஜ் பெரும்பாலான நேரம் 3.2, 3.3 என்று அசையாமல் நிற்கும். அதனால்தான் போகிற வருகிற ஆம்பியரை எண்ணும் ஷண்ட்டைப் போட்டேன்.

போட்ட அன்று இரவே தெரிந்துவிட்டது. வீட்டில் எல்லா லோடையும் அணைத்தாயிற்று. 52 வோல்ட், 1.2 ஆம்பியர். 62 வாட் எங்கேயோ போகிறது. எங்கேயோ என்ன, இன்வெர்ட்டருக்கேதான். யாரும் கேட்காதபோதும் வீட்டுக்கான ஏசி மின்சாரத்தின் சைன் அலையைத் தயாராக வைத்திருக்க வேண்டும், அதற்காக உள்ளே ஸ்விட்சிங் (மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி விடுவது) நடந்துகொண்டே இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்துக்கும் கப்பம் கட்ட வேண்டும். நியாயம்தான். ஆனால் 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை யூனிட்! என் ஃபிரிட்ஜ் ஒரு நாளுக்கு ஒரு யூனிட்கூடத் தின்பதில்லை.

அட்டைப்பெட்டியில் 93 சதவீதத் திறன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அது நல்ல லோடு ஓடும்போது. இரவில் வீட்டுக்குத் தேவை 100 வாட், பேட்டரி கொடுப்பதோ 160 வாட்டுக்கு மேல். திறன் 62 சதவீதத்தைத் தொட்டால் பெரிது. வெயில் நாளில் இது உறைக்காது, 12 யூனிட் வருகிற இடத்தில் ஒன்றரை போனால் போகட்டும். மேகம் மூடிய நாளில் மொத்தமாக வருவதே இரண்டரை, மூன்று யூனிட். அதில் பாதியை விழுங்கிவிட்டு, பேட்டரி போதவில்லை என்று பீப் பீப் என்று கத்துகிறது பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈகோ மோட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதைப் போட்டால் இன்வெர்ட்டர் தூங்கிவிடும். சில விநாடிக்கு ஒருமுறை லோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசரை ஓட விடுவது அதற்குள் இருக்கும் ஒரு போர்டு. அந்த போர்டு கேட்பது இரண்டு வாட். இரண்டு வாட்டை இன்வெர்ட்டர் லோடாகவே மதிப்பதில்லை. போர்டுக்கு மின்சாரம் வராமல் கம்ப்ரசர் ஓடாது, கம்ப்ரசர் ஓடாமல் இன்வெர்ட்டர் விழிக்காது. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் கதைதான். ரவுட்டரின் கதி அதைவிட மோசம், அந்தத் தட்டலுக்கெல்லாம் ஒரு கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும்.

ரவுட்டரையும் நான்கு விளக்குகளையும் 48லிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கும் ஒரு கன்வெர்ட்டர் வழியாக நேரே பேட்டரிக்கு மாற்றினேன், நடுவில் ஃபியூஸ் வைத்துத்தான். அவை இப்போது இன்வெர்ட்டரைக் கேட்பதில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் மாட்டிக்கொண்டது. அந்த ஒன்றுக்காக இரவு முழுக்க 62 வாட் காவல் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ‘நோ லோடு’ என்ற வரியை, அதாவது சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னும் என்பதை, தேடுங்கள். 5 கிலோவாட்டா 3 கிலோவாட்டா என்ற குழப்பத்தில் பெரியதாகவே இருக்கட்டும் என்று சொல்பவர்கள் அந்த வரியைச் சொல்ல மாட்டார்கள். பொதுவாகப் பெரிய இன்வெர்ட்டருக்குப் பசியும் பெரிது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தண்ணீர் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் இழுப்பை இது ஒரு முறைகூட முனகாமல் தாங்கியிருக்கிறது. சின்னது தாங்கியிருக்காது.

சரி, தீர்ப்பு. இன்றைய மனநிலையில் இந்த இன்வெர்ட்டரை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து இரண்டு பேனல் கூட்டப் போகிறேன், மேக நாளில் இதன் பசிக்கும் சேர்த்து. எட்டுப் பேனலின் திறந்த வோல்டேஜ் (மின்னோட்டம் எதுவும் எடுக்காதபோது இருப்பது) 400ஐ ஒட்டி வரும், குளிரில் இன்னும் கொஞ்சம் ஏறும்; இந்த இன்வெர்ட்டர் தாங்கும் வரம்பு 500. அந்த வரியையும் கடைசிப் பக்கத்தில்தான் பார்த்தேன்.