கேனா, தூரிகையா, ஏர்பிரஷா: சிற்றுருவங்களுக்கு ஏற்ற வார்னிஷ் எது?

வண்ணம் தீட்டிய சிற்றுருவங்களில் (மினியேச்சர் பொம்மைகளில்) பெயிண்ட் முதலில் தேய்வது வாள்முனை, தோள்பட்டை விளிம்பு, மூக்கு நுனி போன்ற துருத்திய இடங்களில்தான். கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும் உருவத்துக்கும், விளையாட்டு மேசையில் ஓயாமல் கைபடும் உருவத்துக்கும் ஒரே வார்னிஷைப் பரிந்துரைப்பது பொருந்தாது. ஆகவே, எவ்வளவு தேய்மானத்தைத் தாங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

பளபளப்பு, மேட் (மினுங்காதது) ஆகிய இரண்டில் பளபளப்பு வார்னிஷே உறுதியானது. மேட் வார்னிஷில் ஒளியைச் சிதறடிப்பதற்காக, பெரும்பாலும் சிலிக்காவாலான நுண்துகள்களைக் கலக்கிறார்கள். படலத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி மினுக்கத்தை அடக்கும் அதே துகள்கள், அதன் வலிமையையும் ஓரளவு குறைத்துவிடுகின்றன. அவை புட்டியின் அடியில் படிந்துவிடும் என்பதால், சரியாகக் கலக்காமல் பூசினால் ஓரிடம் மினுங்கும், ஓரிடம் வெளிறும். பளபளப்புப் பூச்சிலோ, விளக்கொளி பட்டுத் தெறித்து, பாடுபட்டுத் தீட்டிய நிழலும் ஒளிவிளிம்பும் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். சாட்டின் இரண்டுக்கும் நடுவே நிற்பது. தோல், குதிரையின் உடல் ஆகியவற்றுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

பூசும் முறைகளில் மிக விரைவானது ஸ்பிரே கேன்; மிக அதிகமாகக் காலை வாருவதும் அதுவே. ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து படலம் வெளிறிவிடுகிறது. அளவுக்கு மீறித் தள்ளி நின்று அடித்தாலோ, துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக வந்து ஒட்டுகின்றன. மழை விட்டதும் விடாததுமான ஒரு மாலையில் பொறுமையிழந்து நான் அடித்த கேனால், கறுப்பு அங்கி அணிந்த குதிரைவீரன் ஒருவனின் மடிப்புகளிலெல்லாம் மாவு தூவியதுபோல வெண்மை படர்ந்துவிட்டது. அதன்மேல் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாகப் பூசியதும், நுண்குழிகள் நிரம்பி வெண்மை பெருமளவு மறைந்தது. பின்னர் ஒரு வறண்ட நாளில் மேட் அடித்துக்கொண்டேன். எப்போதும் இப்படித் தப்பிக்க முடியாது என்பதால், வேண்டாத உருவம் ஒன்றில் முதலில் அடித்துப் பார்ப்பதே என் வழக்கம். கேனை 20 முதல் 30 செ.மீ. தொலைவில் பிடித்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியிலேயே முடியும்படி வீச வேண்டும். காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம்.

தூரிகையால் பூசும் அக்ரிலிக் வார்னிஷுக்கு வானிலையைப் பற்றிய கவலை குறைவு. ஆனால், அது பள்ளங்களில் தேங்கினால் பால்போல் வெளுத்துக் காய்கிறது. உலர் நிறமித் தூள் தூவிய இடங்களில் தூரிகை பட்டால் அந்த வேலைப்பாடே கலைந்துவிடும். புட்டியை வேகமாகக் குலுக்காமல் உருட்டிக் கலக்கினால் குமிழிகள் வராது. தடிப்பாக ஒரு பூச்சைவிட மெல்லியதாக இரண்டு பூச்சுகள் மேல்.

காற்றழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளிக்கும் ஏர்பிரஷ் இருந்தால் கேனின் சீர்மையும் தூரிகையின் கட்டுப்பாடும் ஒருங்கே கிடைக்கின்றன. நீர்த்த அக்ரிலிக் வார்னிஷை 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிக்கலாம். முடித்த கையோடு முனையைக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசருக்கு ஆகும் செலவைத் தவிர இதில் பெரிய குறையேதும் எனக்குத் தெரியவில்லை.

வேதிப்பொருளைப் பொறுத்தவரை, எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் கெட்டியானது என்றாலும் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளைச் சீருடைகளுக்கு அதை நான் தொடவே மாட்டேன்.

விளையாட்டு உருவங்களுக்கு, குறிப்பாக விழுந்தால் சட்டென்று பெயிண்ட் பெயரும் கனத்த உலோக உருவங்களுக்கு, அடியில் பளபளப்புப் பூச்சும் அது நன்கு காய்ந்தபின் மேலே மேட் பூச்சும் இடுவதே என் தேர்வு. காட்சிக்கு மட்டும் வைப்பவற்றுக்கு ஏர்பிரஷில் மெல்லிய மேட் பூச்சு ஒன்றே போதும். இரண்டிலும் உலோக நிறங்கள் மட்டும் மேட்டின் கீழ் களையிழந்து சாம்பல் பூத்துவிடும் என்பதால், கடைசியில் நுண்தூரிகையால் கவசத்துக்கும் வாளுக்கும் கண்மணிக்கும் மட்டும் பளபளப்பு வார்னிஷை மீண்டும் தொட்டு வைக்கிறேன்.