வைஃபை மெனு: குதிக்கிற லிஸ்டா, அசையாத லிஸ்டா?

கோலாலம்பூர் செந்தூல்ல நம்ம ஃபிளாட்டுக்குக் கீழ கடை வரிசையில ஒரு டியூஷன் சென்டர் இருக்கு. அங்க பழைய லேப்டாப் 8 கிடந்துச்சு, லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன், வைஃபை எடுக்கிற மெனுவ மட்டும் நானே பைத்தான்ல எழுதுனேன், பின்னாடி ஓடுறது லினக்ஸ்ல வைஃபைய கனெக்ட் பண்ணிக் கொடுக்கிற நெட்வொர்க்மேனேஜர்தான். எழுத உக்காந்தப்போ ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, சிக்னல் மாற மாற லிஸ்ட்டும் மாறிக்கிட்டே இருக்கும், வலுவானது எப்பவும் மேல. இன்னொண்ணு, மெனு திறக்கும்போது ஒரே ஒரு தடவை அடுக்கிட்டு மூடுற வரைக்கும் வரிசையில கை வைக்கிறதில்ல. மூணு வாரம் முதல் வழிய ஓட்டிட்டு ரெண்டாவதுக்கு மாறிட்டேன், அதனால நான் எந்தப் பக்கம்னு சொல்லவே தேவையில்ல.

சின்ன விஷயமெல்லாம் சட்டுனு முடிச்சிடுறேன். சிக்னலுக்குப் பட்டையா சதவீதமா? பட்டைதான், 67க்கும் 71க்கும் உள்ள வித்தியாசத்த வெச்சு யாரும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. பூட்டுப் படம் கண்டிப்பா வேணும். ஒரே பேருல ரெண்டு மூணு ரௌட்டர் இருந்தா ஒரே வரியில சேத்துடலாம், ஆனா அதே பேருல பாஸ்வேர்ட் இல்லாத ஒண்ணு தெரிஞ்சா அத மட்டும் தனி வரியா காட்டுங்க, அது யாரு வெச்சதுன்னு தெரியாதுல்ல.

இப்ப குதிக்கிற கதைக்கு வரேன். படிவம் 1 (இடைநிலைப்பள்ளி முதல் வருஷம்) பையன் ஒருத்தன், டச்பேட்ல விரல மெதுவா தேய்ச்சு அம்புக்குறிய சென்டர் பேர் மேல கொண்டு வந்து நிறுத்துறான், தட்டப் போற அந்த அரை நொடியில யாரோ கதவுப் பக்கம் நடந்து போறாங்க, சிக்னல் கொஞ்சம் இறங்குது, வரி ஒண்ணு கீழ போயிடுது, அவன் தட்டுனது அந்த எடத்துக்கு ஏறி வந்த மாமாக் கடை (சாப்பாட்டுக் கடை) வைஃபை. பேர அவன் திரும்பப் பாக்கல, ஏன் பாக்கணும், ஏற்கனவே பாத்துத்தானே தட்டுனான். சென்டர் பாஸ்வேர்ட மூணு தடவை அடிச்சிட்டு டீச்சர கூப்பிட்டான், டீச்சர் எனக்கு போன் போட்டு, "தம்பி, பாஸ்வேர்ட மாத்திட்டீங்களா?" நானும் ரௌட்டர்ல கோளாறுன்னு நெனச்சு ஒரு சனிக்கிழம பூரா அதையே நோண்டிக்கிட்டு இருந்தேன்.

அதோட முடிஞ்சாலும் பரவால்ல. நான் கூப்பிடுற விதத்துல நெட்வொர்க்மேனேஜர் முதல்ல அந்த வைஃபை விவரத்த ஒரு ப்ரொஃபைலா சேத்து வெச்சிட்டுத்தான் கனெக்ட் பண்ணவே பாக்கும், பாஸ்வேர்ட் தப்புன்னாலும் அந்த ப்ரொஃபைல் அப்படியே கிடக்கும். என் மெனுவுல தெரிஞ்ச நெட்வொர்க் எல்லாம் மேல வரும், அதனால மறுநாள்லேர்ந்து மாமாக் கடையும் 'தெரிஞ்சது' ஆகி மேல ஏறி உக்காந்துக்கிச்சு! ப்ரொஃபைல்ல டைம்ஸ்டாம்ப்னு ஒண்ணு இருக்கு, ஒரு தடவையாச்சும் ஒழுங்கா கனெக்ட் ஆனாத்தான் அதுல எண் விழும், இல்லாட்டி 0. இப்ப 0 உள்ளது எதுவும் மேல வராது.

'லைவ்'னு சொல்றதே பாதி ஏமாத்துதான். ரௌட்டர் தன் பேர நொடிக்குச் சுமார் 10 தடவை கத்தும், அதக் கேக்க லேப்டாப்புல உள்ள வைஃபை கார்டு ஒவ்வொரு சேனலா (அலைவரிசையா) போய் காத்துக்கிட்டு நிக்கணும், 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே இங்க 13 சேனல், அப்புறம் 5 கிகாஹெர்ட்ஸ் வேற. இதுதான் ஸ்கேன், எல்லாத்தையும் சுத்தி வர சில நொடி ஆயிடும். அந்த நேரத்துல நீங்க பேசிக்கிட்டு இருக்கிற சேனல விட்டு அது வெளிய போயிட்டு வருது, வீடியோ கால்ல இருந்தா திக்கும். லிஸ்ட்ட புதுசாவே வெச்சிருக்கணும்னு 5 நொடிக்கு ஒரு ஸ்கேன் போட்டா அந்தத் திக்கலுக்கு நாமதான் காரணம்.

அகர வரிசை போட்டா குதிக்காதேன்னு கேப்பீங்க. குதிக்கும். ஸ்கேன் பாதியில நடுவுல ஒரு புதுப் பேர் நுழைஞ்சா அதுக்குக் கீழ உள்ளது எல்லாம் ஒரு வரி தள்ளும். அதுவும் நம்ம ஃபிளாட்ல பாதிப் பேரு எதாச்சும் ஒரு பேர் போட்டுக் கடைசியில @யூனிஃபைன்னு (இங்க உள்ள இன்டர்நெட் சேவை) முடிப்பாங்க, முதல் எழுத்து எதுவா வேணா இருக்கும், அதனால வலு இல்லாத பக்கத்து பிளாக் பேரெல்லாம் மேல வந்து நிக்கும்.

அதனால இப்ப இப்படித்தான் வெச்சிருக்கேன்: திறந்த உடனே கடைசி ஸ்கேன்ல கிடைச்சத காட்டிடும், கனெக்ட் ஆனது முதல்ல, தெரிஞ்சது அடுத்து, மத்தது சிக்னல்படி. அதுக்கப்புறம் வரிசை அசையாது. பட்டை மட்டும் இருந்த எடத்துலயே ஏறும் இறங்கும், காணாமப் போனது மங்கலா அங்கேயே நிக்கும், புதுசா வந்தது அடியில சேரும். மெனுவோட அகலத்தையும் முன்னாடியே முடிவு பண்ணிடலாம், ஏன்னா வைஃபை பேருக்கு 32 பைட்தான் இடம். தமிழ்ல எழுத்துக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியா 3 பைட் போகும், 'செட்டியார்'னு வெச்சாலே 30 காலி, பக்கத்துல 'கடை'ன்னு போட இடம் கிடையாது.

குதிக்கிற லிஸ்ட்டுக்கு ஒரு எடம் இருக்கத்தான் செய்யுது. ரௌட்டர எங்க வைக்கலாம்னு லேப்டாப்ப தூக்கிக்கிட்டு ரூம் ரூமா நடக்கும்போது அதுதான் வசதி, ஆனா அது என்னை மாதிரி ஆளுக்கு, பிள்ளைங்களுக்கு இல்ல. யூனிவர்சிட்டி மாதிரி ஒரே பேருல எக்கச்சக்க ரௌட்டர் உள்ள எடத்துல என் மெனுவ நான் ஓட்டிப் பாத்ததில்ல, அங்க இதே வழி சரியா வரும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

குறையும் இருக்கு. சென்டர் லைன் போச்சுன்னா டீச்சர் தன் போன்ல ஹாட்ஸ்பாட் போடுவாங்க, மெனு ஏற்கனவே திறந்திருந்தா அது அடியில போய் விழும், பக்கத்துலயே இருக்கிற போன் 30 வரிக்குக் கீழ. "ஏன் தம்பி இது ஒளிஞ்சுக்குது"ன்னு கேட்டாங்க. இப்போதைக்கு மூடித் திறங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த சனிக்கிழம மெனுவோட அடி ஓரத்துல 'புதுசா 2'ன்னு ஒரு பட்டன் வைக்கணும், தட்டினா மட்டும் வரிசைய மறுபடி அடுக்குற மாதிரி.